ஐந்தாவது சோடி

உடலுக்குள் வைத்த எலும்பு இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல ஒரே வழிதான் உண்டு. அதை உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்த பிறகு அந்த விடையால் எலும்புக்கு உரியவருக்கு ஒரு பயனும் இல்லை. இந்தச் சங்கடத்துக்காகத்தான் சோடிகள் வந்தன.

விபத்தில் கால் நொறுங்கியவருக்கு அவருடைய உயிரணுக்களிலிருந்தே புது எலும்பு வளர்த்துப் பொருத்தும் காலம் அது. அப்படி வளர்க்கும்போதே, அதே தொட்டியில், அதே அணுக்களிலிருந்து சாக்பீஸ் அளவில் ஐந்து சிறு துண்டுகளையும் வளர்த்துவிடுவார்கள். பெரியது உடம்புக்குப் போகும். சிறியவை ஐந்தும் துவாக்குடி தொழிற்பேட்டையில் இருந்த சோதனைக்கூடத்துக்கு வரும். காகிதத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று இருந்தது. கூடத்தில் எல்லோரும் சோடி என்றார்கள்.

எலும்பு சுமையில்தான் வாழ்கிறது. நடந்தால் இறுகும், படுத்தே கிடந்தால் இளகும். ஆகவே உடம்புக்குள் இருப்பது எப்படி வாழ்கிறதோ அப்படியே சோடியும் வாழ வேண்டும். அதற்காக எலும்புக்கு உரியவர் கணுக்காலில் மெல்லிய பட்டை ஒன்றை அணிந்திருப்பார். அவர் வைக்கும் ஒவ்வோர் அடியின் பாரமும் அந்தப் பட்டையிலிருந்து கூடத்துக்கு வரும். இங்கே தொட்டியின் மேலிருக்கும் சிறு இரும்புக் கை, அதே கணத்தில், அந்தப் பாரத்தைத் துண்டின் அளவுக்குச் சுருக்கிச் சோடியை அழுத்தும். அவர் படி ஏறினால் சோடியும் படி ஏறும். ஆண்டுக்கு ஒரு சோடியை வெளியே எடுத்து, நடுவில் சிறு வெட்டுப் போட்டு, ஊசல் சுத்தியால் ஒரே அடியில் முறிப்பார்கள். முறிவதற்கு முன் அது எவ்வளவு ஆற்றலை விழுங்கியது என்பதுதான் அந்த ஆண்டின் எண். அவர் ஓடலாமா, ஏணி ஏறலாமா, எந்த வேலை பார்க்கலாம் என்பதை அந்த எண் சொல்லும். ஐந்தாவது சோடி முறிந்தால் கணக்கு முடிந்தது. புது எலும்பு உடம்போடு ஒன்றிவிட்டதாகக் கொள்வார்கள். கடைசி எண் ஆயுளுக்கும் நிற்கும்.

தொட்டி அறைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆள் இருக்காது, ஆனால் அறை முழுக்க நடை கேட்கும். டொக் டொக்கென்று நிதானமாக ஒருவர், அவசரமாக ஒருவர், காலை இழுத்து இழுத்து ஒருவர். அமலோற்பவத்துக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதியச் சாப்பாட்டை அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. பகலில் கூடத்தில் சுத்தி, மாலையில் பொறியியல் கல்லூரியின் பகுதிநேர வகுப்பு. சுத்தியைத் தூக்குமுன் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று மூன்று முறை பார்ப்பாள். கதவுவரை போய், திரும்பி வந்து நான்காம் முறையும் பார்ப்பாள்.

"அமலி, அது சுத்தி. அது உன்கிட்ட பொய் சொல்லாது" என்பார் மேலாளர் கருணாகரன்.

"எனக்கு அது மேல சந்தேகம் இல்ல சார். என் மேலதான்."

அந்தச் சந்தேகம் அவளோடு வளர்ந்தது. பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தபின்னும் பதிவெண்ணைச் சரியாக எழுதினோமா என்று யோசிப்பாள். தினமும் எழுதும் டைரியில் முந்தின நாளைத் திருத்தி எழுதுவாள். எதுவாவது பொருந்தவில்லை என்றால், உலகத்தில் தப்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாது. தன்னிடம்தான் எங்கோ இருக்கும் என்று தேடுவாள்.

நாற்பத்தொன்றாம் தொட்டி விஷயத்தில் நடந்ததும் அதுதான்.

அது தாயுமானவன் என்பவருடையது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் துவாக்குடிக்கும் ஓடும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். லாரி மோதி வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தூளாகிப் புதியது வைத்தவர். அவரை அமலி பார்த்ததில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய நடையைக் கேட்டிருக்கிறாள். விடியுமுன் எழுந்துவிடுவார். ஒரே இடத்தில் வெகுநேரம் நிற்பார், பாரத்தைக் கால் மாற்றிக் கால் மாற்றி. குந்தி உட்கார்ந்து எழுவார். ஏதோ கனத்தை ஒரு பக்கமாகச் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் போவார், வருவார். வெள்ளிக்கிழமை தவறாமல் நீண்ட படிக்கட்டு ஒன்றை ஏறுவார். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது அமலியும் ஏறிய படிகள் அவை. மலைக்கோட்டை. பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

குதிக்கவே மாட்டார் என்பது மட்டும் இடித்தது. பஸ் நிற்குமுன் தரையில் கால் வைக்காத கண்டக்டரைத் திருச்சியில் அவள் கண்டதில்லை. முதல் ஆண்டே இது தோன்றியது. இரும்புக் கையைக் கழற்றிச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. கணக்கைத் திருப்பிப் போட்டாள். அதுவும் சரிதான். அடிபட்ட மனிதர், பயந்து பயந்து இறங்குகிறார் என்று முடிவு செய்தாள். எண் நன்றாகவே வந்தது. வேலைக்கு இருபது போதும். அவருக்கு இருபத்தேழு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று என்று ஏறிக்கொண்டே போயிற்று. நல்ல எண் வரும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தாவது சோடியை முறிக்கும் நாள் நெருங்கியபோதுதான் அவள் இன்னொன்றைக் கண்டாள். தாயுமானவன் கனத்துக்கொண்டிருந்தார். சில மாதங்களாகவே. நடை கொஞ்சம் தளர்ந்திருந்தது. குந்தி எழுவது நின்றுபோயிருந்தது. வெள்ளிக்கிழமைப் படிகளில் முன்னைவிட அதிக இடங்களில் நின்று நின்று ஏறினார்.

அமலி முதலில் தன்னைச் சந்தேகப்பட்டாள். பிறகு கருவியை. அந்தப் பார வரைபடத்தைப் பெயர் இல்லாமல் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு மாலை வகுப்புக்குப் போனாள்.

வகுப்பில் அவள் பக்கத்து இடம் ரஹ்மத்நிஷாவுடையது. இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு வால்வு கம்பெனியில் தரப்பரிசோதனை. இடைவேளையில் கேண்டீனில் சமோசாவைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னடி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? மறுபடியும் பூஜ்யம் நகர்ந்துடுச்சா?"

"இதப் பாருங்கக்கா. கருவி நகர்வுன்னா ஒரே சீரா போகணும். இது மொதல்ல கொஞ்சம் எறங்குது, அப்புறம் மெதுவா ஏறுது, இப்ப வேகமா ஏறுது. நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்."

ரஹ்மத் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். விரலால் கோட்டின் மேல் மெதுவாக நடந்தாள்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"ஆரம்பத்துல எறங்கியிருக்கே, இது மசக்கை. வாய்க்குள்ள ஒண்ணும் போயிருக்காது. இந்த எடத்துல தெளிஞ்சிருக்கா. அப்புறம் பாரு, ஜம்முன்னு ஏறுது. எனக்கு மூத்தவனுக்கு அச்சு அசலா இதே கோடுதான், ஆஸ்பத்திரி அட்டையில. இது கருவி இல்லடி, புள்ள."

"அக்கா, இவரு ஆம்பளை. கண்டக்டர்."

ரஹ்மத் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப உன் கண்டக்டர் முழுகாம இருக்கார். வளைகாப்புக்கு என்ன சைஸ் வளையல்னு கேட்டுக்க."

பக்கத்து மேஜையே திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள். அமலியும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அரியமங்கலத்தில் வண்டி வேகம் குறையும்போதே கண்டக்டர் குதித்தான். பொத்தென்று ஒற்றைக் காலில் விழுந்து, அதே வேகத்தில் நாலு எட்டு ஓடி நின்றான். தினமும் காதில் விழுகிற சத்தம்தான். இன்றைக்கு அவள் அதை நிறுத்தத்துக்கு நிறுத்தம் எண்ணினாள். அந்த மாதிரி ஒரு கால், நான்கு ஆண்டுகளாக, தினம் ஐம்பது முறையாவது, இந்த ஊரில் குதித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியும் என்று நான்கு முறை கையெழுத்துப் போட்டவள் அவள்.

மறுநாள் தாயுமானவனுக்குப் போன் செய்தாள். சோதனைக்கு முன்னால் ஒருமுறை வர வேண்டும், வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரவேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் காக்கிச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்தார். மெலிந்த, வாய் ஓயாத மனிதர். பின்னால் அவர் மனைவி பவளம், முந்தானையை முன்பக்கம் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நாற்காலியில் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உங்க கால்பட்டையக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றாள் அமலி.

தாயுமானவன் மனைவியைப் பார்த்தார். பவளம் வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இழுக்குமுன் அமலி பார்த்துவிட்டாள். வெள்ளிக் கொலுசுக்கு மேலே சாம்பல் நிறத்தில் பட்டை.

"மேடம், மொத வாரம் நான்தான் போட்டேன்" என்று ஆரம்பித்தார் அவர். "ஃபுட்போர்டுல தொங்கும்போது பேண்ட் மேல ஏறிடும் பாருங்க. டிரைவர் ஆரம்பிச்சு வச்சான். அப்புறம் பாஸ் பசங்க. 'அண்ணே, அரங்கேற்றம் எப்ப'ங்கறான் ஒருத்தன். காலேஜ் புள்ளைங்க இருக்கற வண்டி மேடம். எத்தனை நாளைக்குத்தான் சிரிச்சுகிட்டே டிக்கெட் கிழிக்கறது? இவகிட்டக் கழட்டிக் குடுத்தேன். யாராச்சும் போட்டுகிட்டு நடந்தா மீட்டர் ஓடும், அதுதானே வேணும்னு."

"இது மீட்டர் இல்லங்க."

"நான் மீட்டர்னு நெனைக்கல" என்றாள் பவளம் முதல்முறையாக. குரல் சின்னதாக இருந்தது, ஆனால் தயங்கவில்லை. "ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க, இதப் போட்டுகிட்டு நல்லா நடந்தா எலும்பு உறுதியாகும்னு. இவரு போட மாட்டேங்கறாரு. சரி, நாம போட்டுகிட்டு நடப்போம், அது அவருக்குப் போய்ச் சேரட்டும்னு நெனச்சேன்."

"அது எப்படிங்க போய்ச் சேரும்?"

"அவருக்காக விரதம் இருந்தா போய்ச் சேருதுல்ல? அந்த மாதிரிதான். தண்ணிக் குடம் ஒண்ணு எடுக்கற எடத்துல ரெண்டா எடுப்பேன். வெள்ளிக்கிழமை மலைக்கோட்டை. வருசா வருசம் நம்பர் ஏறுச்சுல்ல?"

தாயுமானவன் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். "மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லுவ."

"மார்க்கெட்டுக்கும் போனேன்."

அமலி தயாரித்து வைத்திருந்த கேள்விகள் வேறு. "இப்பக்கூட ஏறணுமா? இந்த நேரத்துல?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபின்தான், கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

பவளம் நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க அம்மாவுக்கே இன்னும் சொல்லலை."

"அஞ்சு மாசமா உங்க நடை கனத்துகிட்டு வருது. போன வெள்ளிக்கிழமை நிறைய எடத்துல நின்னீங்க."

தாயுமானவன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். பேசும்போது குரல் தணிந்திருந்தது. "ரெண்டு தடவ கலைஞ்சிருக்கு மேடம். டாக்டரம்மா படியே ஏறக் கூடாதுன்னாங்க. அதனாலதான் யாருக்கும் சொல்லாம இருக்கோம். இவ என்னடான்னா எங்காலுக்காக..."

"மெதுவாத்தான் ஏறினேன்" என்றாள் பவளம்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு அருகே குனிந்தார். "சரி மேடம். நடந்தது நடந்துபோச்சு. நாலு வருஷம் குதிச்சிருக்கேன், கால் நல்லாத்தான் இருக்கு. இதுதான் கடைசித் துண்டுன்னீங்க. உடைச்சுப் போட்டு நம்பரக் குடுத்துடுங்க. நல்லாத்தானே வரும்?"

"ரொம்ப நல்லா வரும்."

"அப்புறம் என்ன? புள்ள வருது மேடம். இப்ப என்னை வண்டியவிட்டு எறக்கினா ஓனர் வேற ஆளப் போட்டுடுவாரு."

அமலி மேஜைமேல் கிடந்த பென்சிலை எடுத்து இரு முனைகளிலும் பிடித்து மெல்ல அழுத்தினாள். அது லேசாக வளைந்தது.

"மெதுவா ஏத்தற பாரம் வேற, திடீர்னு விழற அடி வேறங்க. பொங்கல் கரும்ப மெதுவா வளைச்சா வில்லு மாதிரி வளையும். அதையே முட்டியில ஒரே போடு போட்டா?"

"ரெண்டு துண்டு."

"அதே கரும்புதான், அதே பலம்தான். மெதுவா வந்தா சமாளிச்சுக்க அதுக்கு நேரம் இருக்கு. திடீர்னு வந்தா, உள்ள ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் போதும், அதுலருந்து விரிசல் ஓடிடும். நீங்க வண்டியிலருந்து எறங்கறது நடை இல்லங்க, அடி. உங்க எலும்பு அந்த அடியத் தாங்கித் தாங்கி இறுகியிருக்கலாம். உள்ளுக்குள்ள கீறியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அங்க தொட்டியில இருக்கறது குடம் தூக்கின எலும்பு. அதோட நம்பர் இவங்களோடது."

தாயுமானவன் வாயைத் திறந்தார். அதற்குள் பவளம் பேசினாள்.

"என் காலை நம்பி நீங்க குதிக்கப் போறீங்களா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"உடைக்காதீங்கம்மா" என்றாள் அவள் அமலியிடம். "வேற வழி சொல்லுங்க."

வழி ஒன்றுதான் இருந்தது. எலும்புக்கு ஞாபகம் குறைவு. வேண்டாத இடத்தில் கரையும், வேண்டிய இடத்தில் கட்டும், உள்ளே கீறல் இருந்தாலும் ஓய்வில் ஆறும். ஓர் ஆண்டு கிடைத்தால் அந்தக் கடைசிச் சோடி பவளத்தை மறந்து தாயுமானவனைக் கற்றுக்கொள்ளும். அதுவரை வண்டியில் ஏறக் கூடாது. தரைவேலை மட்டும். வீட்டில் சிறு பலகையில் ஏறி இறங்கும் பயிற்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குதிப்பு. உடம்பில் இருப்பதும் தொட்டியில் இருப்பதும் சேர்ந்தே பழகும். பட்டையை மட்டும் கழற்றவே கூடாது.

"பசங்க சிரிப்பாங்க" என்றார் அவர், பாதி தனக்கே.

"சிரிக்கட்டும்" என்று பவளம் பட்டையைக் கழற்றக் குனியப் பார்த்தாள். வயிறு இடித்தது.

தாயுமானவன் காக்கிப் பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார். மனைவியின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கொலுசு சிக்காமல் பட்டையின் கொக்கியை விடுவிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரிந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு அதே பட்டையைத் தன் காலில் மாட்டிக்கொண்டார்.

அமலி இருவரையும் தொட்டி அறைக்கு அழைத்துப்போனாள். நாற்பத்தொன்றின் கை அசையாமல் நின்றிருந்தது. "நடங்க" என்றாள். அவர் நடந்தார். கை விழுந்தது. அமலி நான்கு ஆண்டுகள் கேட்ட நடை அல்ல அது. கனமாக, லேசாக வலப்புறம் சாய்ந்து, பொறுமை இல்லாமல்.

பவளம் தொட்டிக்குள் குனிந்து, மங்கலான நீரில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தாள். "நாலு வருசமா இது நானா?"

"ஆமாங்க."

"நல்லா நடந்திருக்கேனா?"

"நல்லா நடந்திருக்கீங்க" என்றாள் அமலி.

கருணாகரன் சார் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒத்திவைக்கறது சரி. பழைய நாலு நம்பரும் செல்லாதுன்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா? விசாரணை வந்தா உன் பேர்தான் மொதல்ல வரும். போன வருஷம் இது தெரிஞ்சுதா உனக்கு?"

"இடிச்சுது சார். என் தப்புன்னு நெனச்சுட்டேன்."

"இப்ப மட்டும் உறுதியாத் தெரியுமா?"

அவள் எப்போதும் பயந்த கேள்வி அது. வழக்கமாக அதைக் கேட்டதும் ஓடிப்போய் இன்னொருமுறை பார்த்துவிட்டு வருவாள். இன்று இருந்த இடத்திலேயே நின்றாள்.

"தெரியும் சார்."

அவர் அவளை ஒருகணம் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேடினார்.

விசாரணை வந்தது. ஆறு மாதம் அவளால் தனியாகக் கையெழுத்துப் போட முடியவில்லை. மாலை வகுப்பில் ரஹ்மத், "கண்டக்டரால உனக்கு மெமோ, உன்னால கண்டக்டருக்கு ஓய்வு. நல்ல ஜோடி" என்று கேலி செய்தாள். தாயுமானவனை முதலாளி முழுசாக அனுப்பிவிடவில்லை. சத்திரத்தில் வண்டிகளுக்கு நேரம் பார்த்துக் கூவி ஆள் ஏற்றும் வேலை கொடுத்தார். சம்பளம் குறைவு. அந்த வெயிலில் அவர் அங்குமிங்கும் நடப்பது தொட்டியில் கேட்கும். சில சமயம் நடை திடீரென்று ஒரு சுற்றுச் சுற்றும். அது என்னவென்று அமலிக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தாள். பள்ளிப் பையன்கள் அவர் காலைக் காட்டிச் சிரித்தார்கள். அவர் பேண்ட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆட்டக்காரியைப் போலச் சுழன்று காட்டினார். சிரித்த பையன்களையே வண்டியில் ஏற்றியும்விட்டார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இரண்டு நாள் நாற்பத்தொன்று ஒரு தினுசாக நடந்தது. பத்து எட்டு போகும், நிற்கும், பத்து எட்டு திரும்பும். சுவரிலிருந்து சுவருக்கு. ஆஸ்பத்திரி வராந்தா என்று அமலி ஊகித்தாள். இரண்டாம் நாள் அவள் எந்தச் சுத்தியையும் தூக்கவில்லை. தொட்டியருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மாலை வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் நடை சட்டென்று நின்றது. நின்றே இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டியபடி காத்திருந்தாள். வகுப்புத் தொடங்கும் நேரம் கடந்தது.

பிறகு மெதுவாக ஓர் அடி விழுந்தது. இன்னொன்று. யாரோ கண்ணாடித் தரையில் நடப்பதைப் போன்ற நடை. அமலி பார அளவைப் பார்த்தாள். காலையில் இருந்ததைவிட மூன்று கிலோ கூடியிருந்தது.

நான்காம் முறை பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு டைரியில் 'மூன்று கிலோ' என்று மட்டும் எழுதினாள், திருத்தவில்லை.

அதன்பின் தொட்டி இரண்டு விதமாக நடந்தது. ஒன்று அவருடைய வழக்கமான அவசர நடை, இடையிடையே பலகையிலிருந்து குதிக்கும் பயிற்சி. இன்னொன்று தாலாட்டும் நடை. இரண்டு அடி முன்னே, ஒரு அசைவு, இரண்டு அடி பின்னே. அந்த நடையின் கனம் நான்கு கிலோவாயிற்று, ஐந்தாயிற்று, ஆறாயிற்று.

சோதனை நாளன்று மூவரும் வந்தார்கள். பெண் குழந்தை. சுத்தி அறைக்குள் வெளியாட்களை விடும் வழக்கம் இல்லை. கருணாகரன் சார் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தான் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிப் போனார்.

அமலி சோடியை நீரிலிருந்து எடுத்தாள். வெட்டுப் போட்டாள். தாங்கியில் கிடத்தினாள். முள்ளை மூன்று முறை பார்த்தாள்.

"இது உடைஞ்சா அப்புறம் ஒண்ணும் இல்லையில்ல?" என்றார் தாயுமானவன்.

"இல்லை. இதுதான் கடைசி. நம்பர் குறைஞ்சு வந்தா ஆயுசுக்கும் தரைவேலைதான். இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். ஆனா நம்பர் இல்லாம வண்டி ஏற முடியாது."

அவர் பவளத்தைப் பார்த்தார். பவளம் குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். "போடுங்கம்மா" என்றாள்.

சுத்தி விழுந்தது. சத்தம் சின்னதுதான், உலர்ந்த சுள்ளி ஒடிவதைப் போல. குழந்தை கண்ணைக் கொட்டிவிட்டு அப்பாவின் விசிலைப் பிடித்து இழுத்தது.

அமலி எண்ணைப் படித்தாள். "இருபத்திரண்டு."

"வேணுங்கறது?"

"இருபது."

அவர் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இவளுக்கு எவ்வளவு வந்துச்சு மேடம்?"

"கடைசியா முப்பத்தொண்ணு."

"அது எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கே தெரியும்" என்றார். பவளம் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அதையும் அவர் தாங்கினார்.

சீட்டை வாங்கிக்கொண்டு மூவரும் போனார்கள். கூடத்துக்கு எதிரில் பஸ் நிறுத்தம். அவருடைய பழைய வண்டி இன்னும் சிறிது நேரத்தில் இந்தப் பக்கம் வரும் என்றும், அதிலேயே ஏறிக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அமலி மேஜையைத் துடைத்தாள். சுத்தியைப் பூட்டினாள். தொட்டியை அணைக்க அறைக்குள் போனபோதுதான் நினைவு வந்தது. பட்டையைத் திருப்பி வாங்கவில்லை. எதையும் மறக்காதவள் அதை மறந்திருந்தாள்.

நாற்பத்தொன்றில் நீர் மட்டும்தான் இருந்தது. அழுத்துவதற்கு அடியில் எதுவும் இல்லாமல் இரும்புக் கை வெறும் தாங்கியின்மேல் தட்டிக்கொண்டிருந்தது. நின்ற நடை. கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பது. பிறகு ஓர் எட்டு மேலே. அதைத் தொடர்ந்து மெல்லிய, ஓயாத நடுக்கம். வண்டி ஓடுகிறது. அவர் படியில் நிற்கிறார்.

அமலியின் விரல் அணைக்கும் பொத்தான் மேலேயே இருந்தது.

நடுக்கம் குறைந்தது. வண்டி அடுத்த நிறுத்தத்தை நெருங்குகிறது. கை மேலே போயிற்று. எடையே இல்லாமல் அங்கேயே நின்றது.

பொத்தென்று இறங்கியது. தொட்டியின் நீர் துள்ளி அவள் மணிக்கட்டில் தெறித்தது.

அவள் காத்திருந்தாள்.

அடுத்த அடி விழுந்தது. அதற்கடுத்ததும்.